மஞ்சள் துணியில் முப்பத்திரண்டு வெள்ளி

மீனா, ராசு, கோமளா! நீங்கள் ஓடிப் பிடித்து விளையாடுகிற இந்த மாம்பலத்து வாசல் நமக்கு எப்படி வந்தது என்று அடிக்கடி கேட்கிறீர்கள். “பெருமாள் கொடுத்தார்” என்பாள் உங்கள் அம்மா. “தராசு கொடுத்தது” என்பேன் நான். இரண்டுமே பொய்யில்லை. இந்த வாரம் பத்திரிகைக்கு அதையே எழுதிவிடுகிறேன். அம்மாவிடம் நான் இன்றுவரை வாய் திறந்து சொல்லாத ஒரு விஷயமும் இதில் வருகிறது. அச்சில் வந்ததும் அவளும் படித்துக்கொள்ளட்டும்.

அன்று வெள்ளிக்கிழமை. காலை வெயில் இன்னும் சுடவில்லை. மயிலாப்பூர் குளத்தைச் சுற்றிக்கொண்டு நான் முன்னால் போகிறேன். என் கையில் மருந்துக்கடைத் தராசு. இரண்டு பித்தளைத் தட்டும் நடைக்கு நடை மோதி டிங் டிங் என்று சத்தம் போடுகின்றன. எனக்குப் பின்னால் நாலடி தள்ளி உங்கள் அம்மா செங்கமலம். தலைக்குக் குளித்து, ஈர முடியை நுனியில் முடிந்து, நெஞ்சோடு அணைத்தபடி ஒரு மஞ்சள் துணி மூட்டையைக் கொண்டு வருகிறாள். கைக்குழந்தையைத் தூக்கி வருவது போல இருந்தது.

பூக்காரி கேட்டாள்: “இன்னா, தராசைத் தூக்கிக்கினு புருசனும் பொண்டாட்டியுமா கெளம்பிட்டீங்க? யாரை எடை போடப் போறீங்க?”

உங்கள் அம்மா நடையை நிறுத்தாமல் சொன்னாள்: “இவரைத்தான். எவ்ளோ கொறையுதுன்னு பாக்கணும்.”

பூக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால், கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ரூபாய் எடை

நான் நாட்டு மருந்துக்கடையில் எடை போடுகிறவனாக இருந்தேன். ஐந்தாவது வரை படிப்பு. சுக்கு, மிளகு, திப்பிலி, வசம்பு, கடுக்காய் என்று சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மர அறைகள். எந்த அறையில் எது என்று மூக்காலேயே சொல்வேன். இன்றைக்கும் என் பழைய சட்டையை உதறினால் ஓமம் வாசனை வரும்.

அந்தக் காலத்தில் மருந்துக்கு எடை என்றால் ரூபாய்தான். “திப்பிலி ரெண்டு ரூபாய் எடை” என்றால் விலை இரண்டு ரூபாய் என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு தட்டில் இரண்டு வெள்ளி ரூபாயை வைத்து, மறு தட்டில் அதற்குச் சரியாகத் திப்பிலி போடுவோம். வாங்க வருகிறவர்களில் சிலர் கெட்டிக்காரர்கள். கடைக்காரன் ரூபாய் தேய்ந்ததாக இருக்கும் என்று சந்தேகப்பட்டு, மடியிலிருந்து தங்கள் ரூபாயை எடுத்துத் தட்டில் வைக்கச் சொல்வார்கள்.

அப்படி ஒருத்தி அந்தோணியம்மா. சாந்தோம் குப்பத்துக்காரி, தலையில் கூடையோடு தெருத்தெருவாக மீன் விற்கிறவள். மருமகள் பிள்ளை பெற்றிருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு இடித்துக் கொடுக்கிற காய மருந்துக்குச் சுக்கும் திப்பிலியும் வாங்க வந்தாள்.

“நைனா, உன் ரூபா வாணாம். என் ரூபாவை வெச்சு நிறு. உன்னுது தேஞ்ச ரூபா.”

அவள் ரூபாயை வாங்கினேன். தடிமனாக, ஓரம் ஒழுங்கில்லாமல், நசுங்கின வடை மாதிரி இருந்தது. ஒரு பக்கம் பார்ஸி எழுத்து. அந்த எழுத்துக்கு நடுவில், நகக்கண் அளவுக்கு ஒரு பூ. ராஜா தலையும் இல்லை, ராணி தலையும் இல்லை. நவாப் காலத்து ஆற்காட்டு ரூபாய்.

அதை ஒரு தட்டிலும் எங்கள் கடை ரூபாயை மறு தட்டிலும் வைத்துக் காட்டினேன். முள் எங்கள் பக்கம் சாய்ந்தது.

“பாத்தியா? உன்னுதுதான் கொறைச்சல். இதை வெச்சு நிறுத்தா உனக்குத்தான் நஷ்டம்.”

அந்தோணியம்மா இடுப்பில் கை வைத்து அந்த ரூபாயை முறைத்தாள், அது தன்னிடம் இத்தனை வருஷம் பொய் சொன்னது போல. “எங்க மாமியா குடுத்தது நைனா. அவளும் இப்டித்தான், பாக்க கனமா இருப்பா. கடைலயும் வாங்க மாட்றான். நீ எடுத்துக்கினு நல்ல ரூபா ஒண்ணு குடேன்.”

என் சட்டைப்பையில் அன்றைக்கு வாங்கின சம்பளம் இருந்தது. ஏன் என்று தெரியாது, கொடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்தப் பூவைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனேன். அதில் மீன் வாசனை அடித்தது. புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன், கோரைக்கிழங்குப் பொடியில் ஒரு வாரம் புதைத்து வைத்தேன். போகவில்லை.

மொட்டைத்தலை ராஜாவும் இரண்டு ராணிகளும்

அன்று பிடித்தது எனக்கு அந்தப் பைத்தியம். கடைக் கல்லாவில் பழைய ரூபாய் வந்து விழுந்தால், முதலாளியிடம் சொல்லிவிட்டு என் சம்பள ரூபாயைப் போட்டு அதை எடுத்துக்கொள்வேன். கிழக்கிந்தியக் கும்பினி ரூபாயில் கிரீடமில்லாத ராஜா ஒருவர் இருப்பார். நான் அவருக்கு மொட்டைத்தலை ராஜா என்று பெயர் வைத்திருந்தேன். ராணியில் இரண்டு வகை, கிரீடம் வைத்தவள், வைக்காதவள். ஆற்காட்டு ரூபாய்கள் சாந்தோம் பக்கமிருந்து அந்தோணியம்மா மூலமாகவே வந்தன. “நைனா, உனக்கு இன்னொரு கெழவி புடிச்சாந்திருக்கேன்” என்று கூடையை இறக்குவாள்.

வெறும் ஆசை மட்டுமில்லை, கணக்கும் இருந்தது. நோட்டு நனைந்தால் போயிற்று. வெள்ளி உருகினாலும் வெள்ளிதான். அதிலும் பழைய வெள்ளி வருவது குறையக் குறைய, தேடுகிறவன் விலை கொடுப்பான் என்று யோசித்தேன். அந்த யோசனை சரி என்று பிறகு ஒருவர் காட்டினார்.

அவர் லஸ் பக்கத்தில் இருந்த ஒரு வக்கீல். அஜீரணத்துக்கு எங்கள் கடையில்தான் மருந்து வாங்குவார். ஒருநாள் நான் பூ ரூபாயை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“எங்கேர்ந்துய்யா பிடிச்சே இதை? இதுல பூ இவ்வளவு தெளிவா இருக்கிறது நான் பார்த்ததே இல்லே. இன்னும் இருக்கா?”

“முப்பத்தொண்ணு இருக்குதுங்க. இதோட முப்பத்திரண்டு.”

“எல்லாத்தையும் ஆத்துக்குக் கொண்டுவா. மொத்தமா எழுபது தரேன்.”

முப்பத்திரண்டு ரூபாய்க்கு எழுபது! அன்றைக்குச் சுக்கு கேட்டவருக்கு நான் வசம்பைப் போட்டுக் கொடுத்தேன்.

திருடனுக்கு ஒரு பூட்டு

இங்கேதான் என் தப்பு வருகிறது.

அப்போது நாங்கள் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், ஆறு குடித்தனம் இருந்த வீட்டில் ஒரே அறையில் இருந்தோம். ஒரு கிணறு, ஒரு முற்றம். யார் வேண்டுமானாலும் யார் அறைக்குள்ளும் வரலாம்; உப்பு கேட்டு வருவார்கள், புளி கேட்டு வருவார்கள். எங்கள் தகரப் பெட்டிக்குப் பூட்டு கிடையாது. வெள்ளி சேரச் சேர எனக்குப் பயமும் சேர்ந்தது.

ஒரு யோசனை பண்ணினேன். மஞ்சளில் நனைத்த துணியில் காசுகளைக் கொட்டி, முடிந்து, விளக்கு மாடத்தில் வைத்துவிட்டேன். மஞ்சள் துணியில் முடிந்து வைத்தது என்றால் திருப்பதி மலைக்கு நேர்ந்துகொண்டது என்று ஊருக்கே தெரியும். அதைத் திருடனும் தொட மாட்டான். பூட்டுக்கு ஆகிற செலவும் மிச்சம். என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

திருடன் தொடவில்லை. உங்கள் அம்மாவும் தொடவில்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை அதற்குக் குங்குமம் வைத்தாள். அதற்கடுத்த வாரம் கற்பூரம் காட்டினாள். ‘எதுக்கு வேண்டிக்கினீங்க?’ என்று அவள் கேட்கவில்லை. வேண்டுதலைக் கேட்கக் கூடாதாம். நானும் சொல்லவில்லை. பழைய காசு ஒன்று கிடைத்தால் அவிழ்த்து, போட்டு, முடிவேன். அவள் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

கிழக்குப் பார்த்த மனை

அப்போது மாம்பலத்தில் ஏரியை மேடாக்கி மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீனா, உன்னைத் தோளில் உட்கார்த்திக்கொண்டு நடந்தே போய்ப் பார்த்தோம். எங்கே பார்த்தாலும் செம்மண்ணும் குச்சியும் கயிறும். தவளைகளுக்கு மட்டும் இன்னும் சேதி தெரியவில்லை. பழைய ஏரி என்றே நினைத்துக் கத்திக்கொண்டிருந்தன.

ஓரத்தில் ஒரு சின்ன மனை. கிழக்குப் பார்த்தது. உங்கள் அம்மா அதன் நடுவில் போய் நின்றாள். பிறகு மூலையில் போய் நின்று, “இங்க அடுப்பு” என்றாள். ஆறு குடித்தனத்துக்கு நடுவில் ஏழு வருஷம் சமைத்தவள்.

முன்பணம் முப்பது ரூபாய், வருகிற வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் மனை நமக்கு, மீதியைத் தவணையாகக் கட்டலாம் என்றார் தரகர். வேறொருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கவலையே இல்லை. என்னிடம்தான் எழுபது ரூபாய் மாடத்தில் இருக்கிறதே!

புதன்கிழமை சாயங்காலம் மூட்டையைக் கையில் எடுத்தேன். உங்கள் அம்மா முகம் மலர்ந்தது.

“மலைக்கா கெளம்பறீங்க? எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“மலைக்கா? எதுக்கு?”

“பெருமாள் காசைக் கைல வெச்சிக்கினு எதுக்குன்னு கேக்கறீங்களே!”

“இது பெருமாள் காசு இல்ல, செங்கமலம். நான் சேத்த காசு. திருடன் தொடக் கூடாதுன்னுதான் மஞ்சத் துணி.”

“அப்போ வெள்ளிக்கு வெள்ளி நான் கற்பூரம் காட்டினது?”

“உள்ள ராணி தலை கீது. ராஜா தலையும் கீது.”

“ராணிக்கா? ஒரு வருசமா நான் வெள்ளைக்கார ராணிக்கா சூடம் கொளுத்தினேன்?”

சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தாள். அப்பாடா, தப்பித்தோம் என்று நானும் சிரிக்க ஆரம்பித்தபோது அவள் நிறுத்திவிட்டாள்.

“மீனாவுக்குப் பன்னெண்டு நாள் ஜுரம் அடிச்சுதே, நெனப்பு கீதா?”

இருந்தது. மீனா, உனக்கு அப்போது மூன்று வயது. கண் திறக்காமல் கிடந்தாய்.

“அன்னிக்கு அந்த மூட்டையைத் தொட்டு வேண்டிக்கினேன். இதுல எவ்ளோ கீதோ அவ்ளோவும் உனக்கு, என் பொண்ணைக் குடுத்துடுன்னு. மறாநாள் கண்ணு தொறந்தா. நீங்க முடிஞ்சது பொய்யா இருக்கலாம். நான் வேண்டிக்கினது நெசம்.”

நான் பொய்யாக வைத்த பூட்டு, உண்மையாகவே பூட்டிக்கொண்டது. கையில் முப்பத்திரண்டு வெள்ளி இருக்கிறது. ஒன்றைக்கூடத் தொட முடியாது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்.

பெருமாளுக்கு ஒரு தட்டு

விடிய விடியத் தூங்காமல் யோசித்தேன் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் நன்றாகத் தூங்கிவிட்டேன். மறுநாள் கடையில் கடுக்காய் நிறுக்கும்போதுதான் தோன்றியது. மலையில் துலாபாரம் கொடுக்கிறார்களே, ஆளுக்குச் சரியாக வெல்லமும் காசும் நிறுத்து! பெருமாள் அங்கே ஆளையா எடுத்துக்கொள்கிறார்? எடையைத்தானே?

மத்தியானம் ஓடி வந்து சொன்னேன். பழைய வெள்ளி எவ்வளவு எடையோ அதே எடைக்குப் புது ரூபாயை மலைக்கு முடிந்துவிடலாம். பழசை வக்கீலுக்கு விற்றுவிடலாம். அவர் அதிகம் கொடுப்பது நமக்கு.

உங்கள் அம்மா அரிசி களைவதை நிறுத்தி யோசித்தாள்.

“வித்துட்டு அப்புறம் முடியறேன்னு சொல்லக் கூடாது. முடிஞ்ச பின்னாடிதான் விக்கணும். என் கண்ணு எதிர்ல நிறுக்கணும். மஞ்சத் துணியும் அவருக்குத்தான்.”

“சரி.”

“எடை ஒரு கடுகு கொறையக் கூடாது.”

“சரிடி அம்மா.”

அவள் தண்ணீர் இறைக்கப் போனாள். அவள் போனதும் நான் ஒரு காரியம் செய்தேன். முடிச்சைத் தளர்த்தி, விரலை விட்டு, அந்தோணியம்மாவின் பூ ரூபாயைத் துழாவி எடுத்தேன். மூட்டையில் எத்தனை இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஒன்றே ஒன்று. அதுதான் முதல் காசு. விற்க மனம் வரவில்லை. வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டேன்.

முதலாளி, சாமி காரியம் என்றதும் தராசை ஒருவேளைக்குக் கொடுத்தார். அப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் குளத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

வக்கீல் வீட்டு வராந்தாவில்

வக்கீல் காசுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

“அந்தப் பூ போட்டது எங்கேய்யா?”

“அது... கை மாறிப் போச்சுங்க.”

“அடப்பாவி! அதுக்காகத்தானே எழுபது சொன்னேன். அது இல்லேன்னா அறுபதுதான்.”

உங்கள் அம்மா என் பக்கம் திரும்பினாள். நான் தராசு முள்ளைத் துடைத்தேன்.

அறுபது புது ரூபாய் மேஜை மேல் வந்தது. ஒரு தட்டில் முப்பத்தொரு பழைய வெள்ளி. மறு தட்டில் நான் புது ரூபாயை ஒவ்வொன்றாக வைத்தேன். முப்பது வைத்தும் பழைய தட்டு இன்னும் கொஞ்சம் கீழேயே நின்றது. முப்பத்தொன்றாவதை வைத்தால் புதுத் தட்டு தொப்பென்று இறங்கியது.

“போறதும்மா, முப்பத்தொண்ணாவே இருக்கட்டும். பெருமாளுக்குக் கூடத்தான் போகட்டுமே” என்றார் வக்கீல்.

“போட்டா மனைக்கு முப்பதுல ஒண்ணு கொறையுதுங்க ஐயா” என்றாள் உங்கள் அம்மா.

“அப்போ முப்பதோட நிறுத்திக்கோ. ஒரு குந்துமணி வித்தியாசம். மலை மேலே இருக்கிறவருக்கு இது தெரியவா போறது?”

“அவருக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமே.”

சொல்லிக்கொண்டே குனிந்தாள். இடது காலை நாற்காலிக் கட்டையில் வைத்து, மெட்டியைத் திருகித் திருகிக் கழற்றினாள். கல்யாணத்தன்று போட்டது, லேசில் வரவில்லை. எச்சில் தொட்டு வைத்து இழுத்தாள். முந்தானையில் துடைத்து, முப்பது ரூபாய்க்கு மேல் வைத்தாள்.

முள் ஒரு தடவை ஆடி, நடுவில் நின்றது.

“ஆஹா!” என்று வக்கீல் கை தட்டினார். “என் கட்சிக்காரா ஒருத்தருக்கும் உன் மாதிரி மூளை இல்லேம்மா.”

உங்கள் அம்மா வெட்கத்தோடு சிரித்தாள். எனக்கு மட்டும் அந்தத் தட்டைப் பார்க்க முடியவில்லை. அவள் ஒரு குந்துமணிக்காகக் காலிலிருந்து வெள்ளியைக் கழற்றுகிறாள். என் இடுப்பில் ஒரு முழு ரூபாய் குத்திக்கொண்டிருக்கிறது. அது மூட்டையில் இருந்திருந்தால் எழுபது கிடைத்திருக்கும். பெருமாளுக்கும் முழுசாகப் போயிருக்கும், மனைக்கும் போயிருக்கும், மெட்டியும் காலிலேயே இருந்திருக்கும்.

டிக்

தட்டிலிருந்த முப்பதையும் மெட்டியையும் மஞ்சள் துணியில் முடிந்த பிறகுதான் உங்கள் அம்மா பழைய வெள்ளியை வக்கீல் பக்கம் தள்ளினாள். அங்கிருந்தே மாம்பலத்துக்கு நடந்து, மீதி முப்பது ரூபாயைக் கட்டினோம். தரகர் சீட்டு எழுதிக் கொடுத்தார். மனைக்குப் போய் உங்கள் அம்மா அடுப்பு மூலையில் மறுபடியும் நின்றாள். இந்தத் தடவை உட்கார்ந்தே பார்த்தாள். தவளைகள் அப்போதும் கத்திக்கொண்டிருந்தன. “கத்துங்க கத்துங்க, நாங்களும் இங்கதான் இருக்கப் போறோம்” என்று அவற்றிடம் சொன்னாள்.

சாயங்காலம் தராசைக் கடையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மூட்டை மாடத்தில் இருந்தது. புரட்டாசியில் மலைக்குப் போவது என்று பேசி வைத்திருந்தோம். அவள் கிணற்றடியில் இருந்தாள். மீனா, நீயும் அவளோடு போயிருந்தாய். அறையில் நான் மட்டும்.

குடத்தோடு அவள் முற்றத்துக் கல்லில் நடப்பது கேட்டது. வழக்கமாக இரண்டு கால் மெட்டியும் மாறி மாறிச் சத்தம் போடும். இப்போது ஒரு காலில் டிக். மறு காலில் ஒன்றுமில்லை. மறுபடியும் டிக்.

மூட்டையை எடுத்து அவிழ்த்தேன். முப்பது புது ரூபாய்க்கு நடுவில் அந்த மெட்டி வளைந்து கிடந்தது. இடுப்பிலிருந்து பூ ரூபாயை எடுத்தேன். மீன் வாசனை அப்படியே இருந்தது. கட்டை விரலால் பூவை ஒரு தடவை தடவினேன். எடை எதுவும் பார்க்காமல், மெட்டிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

முடிந்தேன். உங்கள் அம்மா முடிந்தால் முடிச்சின் இரண்டு காதும் சமமாக நிற்கும். எனக்கு ஒன்று நீளமாகத் தொங்கியது. யாரோ அவிழ்த்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் தெரியும். சரிசெய்யக் கை போயிற்று. வேண்டாம் என்று நிறுத்தி, அதை அப்படியே மாடத்தில் வைத்தேன், தொங்குகிற காது வெளியே தெரியும்படி.